மேலே போன பிறகு...

எங்கள் வீடு பொன்னேரியில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று வடக்குப் பக்கம் பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவது நன்றாகத் தெரியும். வற்றல் காயப்போட மாடிக்குப் போகிற மாதிரி, ராக்கெட் பார்க்கவும் மாடிக்குப் போகிறவர்கள் நாங்கள். பேப்பரில் தேதியும் மணியும் வந்துவிட்டால் போதும், தெருவில் உள்ள அத்தனை மாடிகளிலும் தலைகள் தெரியும். தென்னை மரங்களுக்கு மேலே ஒரு நெருப்புப் பொட்டு எழும்பும். வெள்ளையாக ஒரு கோடு இழுக்கும். வளைந்து கடல் பக்கமாகப் போய் மறைந்துவிடும். கை தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கக் கீழே இறங்கிவிடுவோம்.

ஒருவர் மட்டும் லேசில் இறங்க மாட்டார். அவர் என் மாமியார்.

அத்தைக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு. ஏரியும் கடலும் சூழ்ந்த அந்தக் கரைக்கு வடக்கேதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன் பிடிப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அத்தையின் அண்ணன்மார்கள் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வலையின் பொத்தல்களை அடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்களாம். 1980 ஜூலை 18-ஆம் தேதி காலையில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனதே, அதை அத்தை பிறந்த வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். என் கணவருக்கு அப்போது ஐந்து வயது. இடுப்பில் ஏறிக்கொண்டு, "அம்மா, அது எங்கே போவுது?" என்று அழுதாராம்.

"வெளிச்சம் முதல்ல வந்துச்சும்மா. சத்தம் வரவே இல்ல. என்னடா இது, ஊமை ராக்கெட்டான்னு பார்த்துக்கிட்டே இருக்கோம். ஒண்ணரை நிமிஷம் கழிச்சு வந்துச்சு பாரு, கூரைத் தகடெல்லாம் படபடன்னு அடிச்சுக்கிச்சு" என்பார். இந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

2001 ஏப்ரலில் முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்பியபோது நான் புது மருமகள். எல்லோரும் இறங்கிய பிறகும் அத்தை மட்டும் புகைக்கோடு கலைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடப் போனேன்.

"எல்லாரும் கிளம்புறதைப் பாத்துட்டு இறங்கிடுறீங்க. மேல போன அப்புறம் அதுக்கு என்னாவுதுன்னு யாருமே கேக்க மாட்டேங்குறீங்களே" என்றார்.

"அதைத் தெரிஞ்சு நமக்கு என்ன அத்தை ஆகப்போவுது? குழம்பு கொதிக்குது, வாங்க" என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் அத்தை அதே கேள்வியைக் கேட்பார். நானும் அதே குழம்பைச் சொல்வேன். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி காலை 9.10-க்கு பி.எஸ்.எல்.வி. சி-58 கிளம்பியபோதும் அத்தை கேட்டார். புது வருஷத்துக்குக் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். குழம்புக்குப் பதில் கேசரியைச் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன் பிறகு அத்தை அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் போய்விட்டது.

பதினாறு நாள் கழித்துக் காணும் பொங்கல். நாத்தனார் குடும்பம், பழவேற்காட்டு உறவுக்காரர்கள் என்று பதினைந்து பேருக்குச் சமையல். பொங்கல் வேலையில் இரண்டு நாளாக அத்தை பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கவனிக்கவில்லை. காலை ஏழு மணி இருக்கும். காபி டம்ளர் அவருடைய வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "என்ன அத்தை?" என்றேன். ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது.

சகோதரிகளே, அதை நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

"ரெண்டு நாளா ஓடியாடி வேலை செஞ்சீங்க இல்ல, அதான். வாயுவா இருக்கும்" என்று சொல்லி, எலுமிச்சம் பழம் பிழிந்து சோடா கொடுத்துப் படுக்க வைத்தேன். தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு என் நாத்தனார் வந்து அம்மாவை எழுப்பினாள். எழுப்ப முடியவில்லை. வலது கையும் வலது காலும் துணி மாதிரிக் கிடந்தன. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். "காலையில ஏழு மணிக்கு டம்ளரைக் கீழ போட்டாங்க" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூளைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு என்றும், நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

என் கணவர் அப்போது கீழே பணம் கட்டப் போயிருந்தார். திரும்பி வந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். "திடீர்னு" என்றேன். ஏழு மணியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது மூளையில் அடி. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மனுஷி, கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லச் சொல்லுங்க. கிழமைகளைச் சொல்லச் சொல்லுங்க. தெரிஞ்ச பாட்டைப் பாடச் சொல்லுங்க. யோசிக்காம வாயில வர்ற விஷயம் முதல்ல வரும்" என்றாள். அத்தை உதட்டைக்கூட அசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுபத்து நாலு வயதில் ஒன்று, இரண்டு எண்ணுவதா என்ற ரோஷமாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், என் மகன் காலேஜிலிருந்து வந்தவன், டி.வி.யில் ஒரு படத்தைப் போட்டான். "ஆயா, ராக்கெட்ல போலாம், வர்றியா?" என்றான்.

இஸ்ரோ வெளியிட்ட படம்தான். 2017 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஒரே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை அனுப்பினார்களே, அந்த ராக்கெட்டின் உடம்பிலேயே கேமராவை வைத்து எடுத்தது. ராக்கெட்டைப் பார்க்கிற படம் இல்லை. ராக்கெட் பார்க்கிற படம். அந்த வித்தியாசம் எனக்கு முதலில் புரியவில்லை. தோசை மாவைக் கரைத்தபடி வாசற்படியில் நின்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெருப்பு வந்தது. புகை வந்தது. அடுத்த நொடி பூமி கீழே போக ஆரம்பித்தது. எனக்கு அடிவயிற்றில் ஜிவ்வென்றது. ராட்டினத்தில் உச்சிக்குப் போய் இறங்கும்போது வருமே, அந்த மாதிரி. கையிலிருந்த கரண்டியோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கட்டடமெல்லாம் தீப்பெட்டி ஆகி, அப்புறம் புள்ளியாகி, அப்புறம் காணோம். நாற்பத்து நாலு மீட்டர் உயரம், 320 டன் எடை உள்ள ஒரு வஸ்து, என்னையும் மாவுப் பாத்திரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக மாடியில் நின்று நான் பார்த்த நெருப்புப் பொட்டு இதுதானா! அதற்குள்ளிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும்!

அந்த ராக்கெட்டின் அடிப்பகுதியைச் சுற்றி ஆறு சின்ன ராக்கெட்டுகள் கட்டியிருக்கும். நாலு தரையிலேயே எரிய ஆரம்பித்துவிடும். மற்ற இரண்டும் 25 விநாடி கழித்து வானத்தில் பற்றிக்கொள்ளும். முதல் நாலும் எரிந்து முடித்து, ஏறக்குறைய எழுபதாவது விநாடியில் கழன்று விழும். படத்தில் அந்த இடம் வந்தது. வாழைப்பூ மடல் விரிந்து உதிர்கிற மாதிரி, அவை ராக்கெட்டை விட்டு விலகிப் புரண்டுகொண்டே போயின.

"போ...ச்சு."

நான் டி.வி.யிலிருந்து வந்த சத்தம் என்று நினைத்தேன். என் மகன்தான், "அம்மா!" என்று கத்தினான். அத்தை வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை அங்கே நீட்டியிருந்தது.

இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அன்றைக்கு அந்தப் படத்தை எத்தனை தடவை போட்டோம் என்று கணக்கே இல்லை. கழன்று விழுகிற இடம் வரும்போதெல்லாம் அத்தை "போச்சு" என்பார். கடைசியில் அந்தக் குட்டிச் செயற்கைக்கோள்கள், பெரும்பாலும் ஐந்து கிலோகூட இல்லாத சின்னப் பெட்டிகள், கடுகு தாளிக்கும்போது தெறிக்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தெறித்துப் போகும். அதைப் பார்த்து அத்தை சிரித்தார். வாய் கோணலாகத்தான் சிரித்தது. ஆனாலும் சிரிப்பு அத்தையுடையதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ராக்கெட்தான். மற்ற வீடுகளில் சீரியல் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் எண்ணிக்கை. கிளம்புவதற்கு முன்னால்தான் பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி எண்ணுகிறார்கள். கிளம்பிய பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று முன்னோக்கி எண்ண வேண்டியதுதானே! பேரன் எண்ணினால் ஆயா கூடவே எண்ணினார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு மாதம் கெஞ்சியும் நடக்காத காரியம், ராக்கெட்டால் நடந்தது. ஏப்ரல் மாதக் கடைசியில் பத்து வரை சொல்ல வந்துவிட்டது. ஏழு மட்டும் "ஏ... ஏ..." என்று தடுமாறும்.

ஒரு நாள் அத்தை, கழன்று விழுகிற துண்டைக் காட்டி, "அது?" என்றார். அது எங்கே போகிறது என்று கேட்கிறார். பழைய கேள்வியேதான். இந்தத் தடவை நான் குழம்பைப் பற்றிப் பேசவில்லை. மகனிடம் கேட்டேன். "கடல்ல விழுந்துடும்மா. நம்ம பி.எஸ்.எல்.வி.யோடதைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. ஆனா அமெரிக்காவுல ஷட்டில் விட்டப்போ எடுத்தாங்க" என்று சொல்லி வேறொரு படம் போட்டான்.

நாசாவின் விண்வெளி ஓடம் கிளம்பும்போது இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண் மாதிரி இரண்டு பூஸ்டர்கள் இருக்குமே, அதில் கேமராவும் மைக்கும் வைத்து எடுத்த படம். இரண்டு நிமிஷத்தில் அவை கழன்றுவிடுகின்றன. ஓடம் மேலே மேலே போகிறது. கேமரா மட்டும் கழன்று விழுகிற பூஸ்டரோடேயே இருக்கிறது. கழன்ற வேகத்தில் அது இன்னும் கொஞ்சம் உயரம், 67 கிலோமீட்டர் வரை ஏறிவிட்டு, அப்புறம் விழ ஆரம்பிக்கிறது. கறுப்பு வானம், நீலக் கடல், மறுபடி கறுப்பு வானம் என்று சுற்றுகிறது. உள்ளே இரும்பு முனகுகிற சத்தம் கேட்கிறது. காற்று அடர்த்தியாக ஆக ஆக அது ஊளையாக மாறுகிறது. கடைசியில் பாராசூட் விரிந்து தொப்பென்று அட்லாண்டிக் கடலில் விழுகிறது. கப்பல் வந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். சுத்தம் செய்து, மறுபடி மருந்து நிரப்பி, இன்னொரு தடவை பயன்படுத்துவார்களாம். அந்த ஓடங்கள் 2011-இல் ஓய்வு பெற்றுவிட்டன.

கப்பல் வரும் என்று தெரிந்ததும் அத்தை நிம்மதியாக மூச்சு விட்டார். வேலை முடிந்ததும் கழன்று விழுகிறவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, நான் கேட்கவில்லை. ராத்திரி அவருக்கு முதுகு துடைத்து நைட்டி மாற்றும்போது மட்டும் எனக்கு அது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. தையல் மெஷின் பக்கத்திலேயே போனை நிறுத்தி வைத்துக்கொண்டு படம் படமாகப் பார்த்தேன். 1946 அக்டோபர் 24-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து போன வி-2 ராக்கெட்டில்தான், விண்வெளி எல்லையிலிருந்து பூமியை முதன்முதலில் படம் பிடித்தார்கள். ஒன்றரை விநாடிக்கு ஒரு படம். 105 கிலோமீட்டர் உயரம். ராக்கெட் தரையில் மோதிச் சிதறிவிட்டது. பிலிம் மட்டும் எஃகுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பிறகு 1967 நவம்பர் 9-இல் அப்பல்லோ-4. அந்த ராட்சச ராக்கெட்டின் முதல் அடுக்கு கழன்ற பிறகு, நடுவில் இருந்த வளையம் ஒன்று, கையிலிருந்து வளையல் கழலுகிற மாதிரி மெதுவாகக் கழன்று, ஓரமெல்லாம் ஜொலித்துக்கொண்டு, பூமியை நோக்கி விழும். அது நேராக டி.வி.யில் காட்டிய படம் இல்லை. கேமராவைக் கூண்டில் வைத்துக் கடலில் விழச் செய்து, தேடி எடுத்துப் பிலிமைக் கழுவினார்கள். நமக்கு வேடிக்கை. அவர்களுக்கு அது வைத்தியம். எது சரியாகக் கழன்றது, எது இடித்தது, எங்கே விரிசல் விட்டது என்று பார்க்கத்தான் அந்தக் கண்ணை அங்கே வைக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதுதான் என் மகன் கல்பனா சாவ்லாவைப் பற்றிச் சொன்னான். கர்னாலில் பிறந்த அந்தப் பெண்ணை நமக்கெல்லாம் தெரியும். கொலம்பியா ஓடம் 2003 ஜனவரி 16-இல் கிளம்பியது. 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் பட்டது. தரையிலிருந்து எடுத்த படத்தை மறுநாள் பார்த்தவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. இன்னும் நன்றாகப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சில பொறியாளர்கள் கேட்டார்கள். 'நுரை விழுவது புதிதா என்ன, முன்னாடியும் விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்று மேலிடத்தில் இருந்துவிட்டார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பம் நுழைந்து, ஏழு பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு 2005 ஜூலையில் டிஸ்கவரி கிளம்பியபோது, தொட்டியிலேயே கேமராவை வைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். அப்போதும் நுரை பெயர்ந்தது. நல்லவேளையாக ஓடத்தின் மேல் படவில்லை.

மகன் சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டான். எனக்குத் தையல் ஓடவில்லை. அவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். டம்ளர் நழுவியதைப் பார்த்தேன். வாய் கோணியதைப் பார்த்தேன். வாயு என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பார்க்கிறதுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்?

2024 ஜூன் 6-ஆம் தேதி. வியாழக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். அமெரிக்காவில் டெக்சாஸ் கடற்கரையிலிருந்து ஸ்டார்ஷிப் என்ற ராக்கெட்டை விடுகிறார்கள், நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று மகன் டி.வி.யில் போட்டான். 121 மீட்டர் உயரம். ஆள் யாரும் உள்ளே இல்லை. நம் கடிகாரத்தில் 6.20-க்குக் கிளம்பியது. முக்கால் மணி நேரம் கழித்து, மேல்பகுதியான கப்பல் மட்டும் பூமிக்குத் திரும்பி வருகிறது. மணிக்கு இருபத்தாறாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகம். முன்னால் இருக்கிற காற்று நசுங்கிச் சூடாகி, ரோஜா நிறமும் ஊதாவும் ஆரஞ்சுமாக ஜொலிக்கிறது. கார்த்திகைச் சொக்கப்பனைக்குள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. முன்னெல்லாம் இந்தக் கட்டத்தில் நெருப்பு மூடி, படம் நின்றுவிடுமாம். இப்போது மேலே இருக்கிற செயற்கைக்கோள்கள் வழியாகத் தொடர்ந்து வந்தது.

கப்பலின் பக்கத்தில் மீனுக்குத் துடுப்பு இருப்பது போல ஒரு துடுப்பு. கேமரா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துடுப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. சற்று நேரத்தில் அது ஓட்டையானது. நம் கண் முன்னால் உலோகம் உருகி, பொறி பொறியாகப் பறக்கிறது. "அவ்ளோதான், பிய்ச்சுக்கிட்டுப் போயிடும்" என்றான் மகன். கேமராவின் கண்ணாடியில் தூசி அப்பியது. கண்ணாடியே விரிசல் விட்டது. அந்த விரிசல் வழியாகப் பார்த்தால், பாதி எரிந்துபோன அந்தத் துடுப்பு அசைகிறது! கப்பலைத் திருப்ப வேண்டிய இடத்தில் தன்னால் ஆன மட்டும் அசைந்து கொடுக்கிறது. நான் விளக்குத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கப்பல் நிமிர்ந்தது. என்ஜின் எரிந்தது. ஏழரை மணிக்குச் சில நிமிஷம் முன்னால், இந்துமகா சமுத்திரத்தில் மெதுவாக இறங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அத்தை இடது கையால் தன் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வந்து...டுச்சு" என்றார். "எரிஞ்சு... வந்துடுச்சு."

மூன்று வார்த்தை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மகன் வெளியே போனதும், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலை ஏழு மணி விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்ன நாலரை மணி நேரத்தைச் சொன்னேன். "நான் பாத்தேன் அத்தை. பாத்தும் சமையல்தான் பெரிசுன்னு இருந்துட்டேன்" என்றேன். என் கணவர் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அத்தை என் தலையில் கை வைத்தார். ஏதோ சொல்ல நாலைந்து தடவை முயன்றார், வரவில்லை. கடைசியில், "நானும்..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திரை" என்றார். 'நானும்தான் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை' என்று அர்த்தம். தப்பில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து என் கணவரும் பேசினார். "நான் வீட்லதானே இருந்தேன், நானும் அம்மா மூஞ்சியைப் பாக்கலியே" என்றார். மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து காலையில் அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் வேலையாகிவிட்டது.

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால், அந்த நிமிஷத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடலாம். தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். தானாகச் சரியாகிவிட்டால்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள். அடுப்பில் என்ன கொதித்தாலும் அணைத்துவிடுங்கள். குழம்பை மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-60. அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகனும் அவன் அப்பாவுமாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிருக்குச் சால்வையைப் போர்த்திவிட்டேன். வடக்கே வானம் சட்டென்று விடிந்த மாதிரி ஆனது. நெருப்புப் பொட்டு எழும்பியது, வளைந்தது, சின்னதானது, மறைந்தது. பக்கத்து மாடிகளில் கை தட்டினார்கள். எல்லோரும் இறங்கினார்கள்.

நானும் அத்தையும் மட்டும் இருந்தோம்.

"மேல போயி..." என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "என்னா...வுது?"

பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "இப்போ முதல் அடுக்கு கழன்றிருக்கும் அத்தை. இந்தத் தடவை பக்கத்துல கட்டுற குட்டி ராக்கெட்டெல்லாம் கிடையாது. ரெண்டாவது அடுக்கு எரியுது. தலையில இருக்கிற கூடு ரெண்டாப் பிரிஞ்சு விழும். அப்புறம் மூணாவது, அப்புறம் நாலாவது. கால் மணி நேரத்துல ரெண்டு செயற்கைக்கோளையும் 475 கிலோமீட்டர் உயரத்துல விட்டுடும். அதுங்க ரெண்டும் தனித்தனியா சுத்தி, அப்புறம் ஒண்ணை ஒண்ணு தேடி வந்து கை கோத்துக்குமாம்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் அத்தை தலையை ஆட்டினார்.

அந்த இரண்டும் 2025 ஜனவரி 16-ஆம் தேதி ஒன்றோடு ஒன்று இணைந்தன. அன்றைக்கும் காணும் பொங்கல். வீட்டில் பதினைந்து பேர். சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். அத்தை இடது கையால் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா... பாக்குற?" என்றார்.

"சும்மாதான் அத்தை" என்றேன்.